கூடத்துச் சுவரில் ஒரு கழுத்து

மற்றவர்கள் வீட்டுக் கூடத்தில் கல்யாணப் படம் தொங்கும், பிள்ளை முதன்முதலாகக் குப்புற விழுந்த படம் தொங்கும். ஸ்டுடியோக்காரர் வீட்டுக் கூடத்தில் ஸ்டுடியோக்காரரின் கழுத்து தொங்கியது. கழுத்தின் வெளிப்பக்கம் அல்ல, உள்பக்கம். மூளைக்கு ஏறிப்போகிற பெரிய ரத்தக்குழாய் கவட்டைக் குச்சி மாதிரி இரண்டாகப் பிரிகிற இடமும், அதற்குள் ஓடுகிற ரத்தமும். ரத்தம் என்றால் சிவப்பு அல்ல. அடியிலிருந்து நுனிவரை நிம்மதியான நீலம். மகனே சட்டம் போட்டுக் கொடுத்த படம். வருகிறவர்கள் கண்ணில் படாமல் தப்ப முடியாத உயரத்தில் மாட்டியிருந்தது.

வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி நிமிர்வதற்குள் பெரியவர் ஆரம்பித்துவிடுவார்.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"ஆறுங்களா? மேல இருந்து எடுத்த மாதிரி இருக்கு."

"ஆறும் இல்ல குளமும் இல்ல. நான்தான். என் கழுத்து."

வந்தவர் படத்தையும் அவர் கழுத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். அதற்காகத்தானே காத்திருந்தார் பெரியவர். "ரத்தம் எங்கயாவது தேங்கி நின்னா அந்த எடம் செவப்பாத் தெரியுமாம். இதுல ஒரு பொட்டு செவப்பு இருக்கா? நல்லாத் தேடிப் பாருங்க. எங்க கணக்கம்மா என் ரத்தத்தையே கம்ப்யூட்டர்ல ஓட விட்டுப் பாத்துட்டா."

கணக்கம்மா என்பது மருமகள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் வைத்த பெயர்தான் தெருமுழுக்க ஒட்டிக்கொண்டது. அவர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. விருந்தாளிகள் முன்னால் மட்டும் அடுப்படிக்குள் நழுவிவிடுவாள். கூச்சம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கூச்சம் கால்வாசி இருக்கும். மிச்சம் முக்காலும் வேறு.

அவள் வேலை செய்கிற இடம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் இரண்டாவது மாடி. மேசை, திரை, கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார வேண்டிய அளவுக்குக் குளிர். ரத்தம் எப்படி ஓடும் என்று கணக்குப் போடுவதுதான் அங்கே பிழைப்பு. தண்ணீர் மாதிரி ஓடினால் கணக்கு எப்போதோ முடிந்திருக்கும். ரத்தத்தின் குணமே வேறு. பாட்டிலைத் தட்டும்வரை அசையாமல் இருந்து, தட்டியதும் சட்டையெல்லாம் கொட்டுகிற தக்காளி சாஸின் ஜாதி அது. வேகமாக ஓடினால் இளகிக்கொள்ளும், நிதானப்பட்டால் தடிக்கும். போதாததற்கு ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுபட்டுப் பின்வாங்கவும் செய்யும். குழாயை லட்சக்கணக்கான பொடித்துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ரத்தம் என்ன வேகத்தில் போகிறது, எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று எந்திரம் கண்டுபிடிக்க வேண்டும். குழாய் குறுகி விரிகிற இடத்தில்தான் வம்பு. அங்கே விறைப்பெல்லாம் ஒரு மெல்லிய படலத்தில் போய்க் குவியும். துண்டுகள் அதைப் பிடிக்கிற அளவுக்குப் பொடியாக இல்லாவிட்டால் ஒரு எண் தறிகெடும், பக்கத்து எண்ணையும் கெடுக்கும், அடுப்பில் பால் பொங்குவதுபோலக் கண்ணை எடுத்த நேரத்தில் திரை முழுவதும் குப்பை. 'வெடிச்சிடுச்சு' என்பார்கள் அந்த அறையில்.

வெடிக்காமல் இருக்க ஒரு கைவைத்தியம் உண்டு. ஒவ்வொரு துண்டின் விறைப்பையும் அக்கம்பக்கத்துத் துண்டுகளுக்குக் கொஞ்சம் பரப்பிவிடுகிற மாதிரி சமன்பாட்டில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பது. மேடு கரையும், பள்ளம் தூரும், கணக்கு நிற்கும். இதற்கு அந்த அறையில் 'மெழுகுவது' என்று பெயர். எல்லோரும் செய்வதுதான், தப்பில்லை. ஆனால் அது நடக்கப் பழகுகிற பிள்ளைக்குக் கொடுக்கிற விரல். கொஞ்சம் கொஞ்சமாக விரலை எடுத்து, கணக்கு தன் காலில் நின்றால்தான் அது விடை. அதுவரை அது வெறும் படம். மெழுகின படம் அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம்.

மாமனாருக்குத் தலைசுற்றல் வந்து கழுத்தை ஸ்கேன் எடுத்தபோது, குழாய் கொஞ்சம் குறுகியிருக்கிறது, மாத்திரை போதும், ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் பார்ப்போம் என்றார்கள். அவருடைய சம்மதத்தோடு அந்த ஸ்கேனை அவள் தன் கணக்கில் ஏற்றினாள். மெழுகைக் குறைத்தபோதெல்லாம் வெடித்தது. மறுபடி குறைத்தாள், மறுபடி வெடித்தது. அவருடைய பிறந்தநாளோ நெருங்கிவிட்டது. மெழுகு நிறையப் போட்ட முதல் படம் பார்க்க லட்சணமாக, வழவழவென்று இருந்தது. பரிசுதானே, பரீட்சையா என்று நினைத்துக்கொண்டு அதையே பெரிதாக அச்செடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அதோடு போயிருந்தால் இந்தக் கதை இல்லை. மறுநாள் அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது பெரியவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அப்போ என் கழுத்துக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கையில் பாதி சீவின கிழங்கு. "நல்லா ஓடுது மாமா" என்றாள்.

அந்த மூன்று வார்த்தைதான்.

ஒரு வருஷம் கழித்து ஒரு காலையில் டீ குடிக்கும்போது பெரியவரின் வலது கை தானாகத் தளர்ந்து டம்ளர் கீழே விழுந்தது. "என்னங்க" என்று அவர் மனைவி, மருமகளுக்கு அத்தை, ஓடிவந்தபோது அவர் ஏதோ சொன்னார். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. வீட்டில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆட்டோ வருவதற்குள் அவருக்கே எல்லாம் சரியாகி, "எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று கேட்டார். ஆனாலும் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

கழுத்தைத் திறக்கிற டாக்டரம்மா தூக்கம் பற்றாத கண்களோடு வந்தாள். புது ஸ்கேனைப் பார்த்தாள், பழைய காகிதங்களைப் புரட்டினாள்.

"குழாய் நல்லா அடைச்சிருக்குங்க. அங்க இருந்து ஒரு துணுக்கு மேல போயிருக்கு, உங்க நல்ல நேரம் கரைஞ்சிடுச்சு. அடுத்தது கரையும்னு சொல்ல முடியாது. இந்த வாரமே சுத்தம் பண்ணிடணும். ஆமா, ஆறு மாசத்துல திரும்ப ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்களே, ஏன் எடுக்கல?"

"எதுக்குங்க வீண் அலைச்சல்? அதான் மருமக படம் போட்டுக் குடுத்துட்டாளே." பெரியவர் செல்போனைத் தடவி, சுவரில் தொங்குகிற கழுத்தைக் காட்டினார். "பாருங்க, ஒரு பொட்டு செவப்பு இல்ல. ஆபரேஷன்லாம் வேணாம்மா. மாத்திரை குடுங்க, போயிடறேன்."

மறு ஸ்கேன் எடுக்காமல் விட்டது மருமகளுக்கு அப்போதுதான் தெரியும். டாக்டரம்மா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "அழகா இருக்கு. யார் பண்ணது?"

"இதோ நிக்கிறாளே, எங்க கணக்கம்மா."

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. மருமகள் தரையைப் பார்த்தாள். கட்டில் சக்கரத்தில் யாருடைய தலைமுடியோ சுற்றியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டான். ஸ்டுடியோவை இப்போது நடத்துகிறவன் அவன்தான். "யார் சொல்லியும் கேக்கமாட்டேங்கிறார். நீ சொன்னா கேப்பார். புது ஸ்கேன வச்சு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லேன்."

"சரி, போட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினாள்.

ஓடியது உண்மை. ஆனால் அவள் ஏற்றியது புது ஸ்கேனை அல்ல, பழையதை. மெழுகு இல்லாமலும் அது நீலமாகவே நிற்க வேண்டும், நின்றுவிட்டால் தான் சொன்னது பொய்யாகாது, யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. மாமனார் உயிர் ஊசலாடும்போது அவள் வேண்டிக்கொண்டது இதைத்தான். அதை நினைத்து அவளுக்கே முகம் எரிந்தது.

பக்கத்து மேசைக்காரனுக்குப் 'போர்வை' என்று பெயர், எந்நேரமும் கம்பளிக்குள்ளேயே இருப்பதால். அவன் எட்டிப் பார்த்தான்.

"என்ன, பழைய கழுத்தா?"

"ம். அந்தக் குறுகின எடத்துல மட்டும் துண்டுகளப் பொடிசாக்கி, மெழுகக் கொறச்சுப் பாக்கறேன்."

"இதத்தான அன்னைக்கே நிக்கலன்னு பொலம்பிட்டு இருந்த? அப்புறம் என்ன பண்ண?"

"அப்படியே விட்டுட்டேன்."

"நல்ல வேளை, யாருக்கும் காட்டாம விட்ட" என்று சொல்லிவிட்டுப் போர்வை தன் வேலையைப் பார்க்கத் திரும்பினான். அவன் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. அவனுக்குத் தெரியாது.

படிப்படியாக மெழுகைக் குறைத்தாள். முதல் படி நின்றது. அடுத்ததும் நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போனபோது கடைசிப் படியும் வெடிக்காமல் நின்றது. அதற்குத்தான் அன்றைக்குப் பொறுமை இல்லாமல் போயிருந்தது. குறுகல் தாண்டியதும் ஓர் ஓரத்தில், ரத்தம் வேகம் இழந்து, தடித்து, போக வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நகக்கண் அளவுதான். நல்ல சிவப்பு.

"வெடிச்சிடுச்சா?" என்றான் போர்வை, சாப்பிட்டுவிட்டு வந்து.

"இல்ல, நிக்குது."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அவள் அச்செடுக்கிற எந்திரத்தருகே போய் நின்றாள். நிற்கும்போதே பொய் தயாராகிவிட்டது. தேடவேகூட இல்லை, தானாக வந்து முன்னால் நின்றது. 'போன வருஷம் நல்லா இருந்துச்சு மாமா. இப்போ கெட்டுப்போச்சு.' நோய் வளரும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அவர் கையெழுத்துப் போடுவார், உயிர் பிழைப்பார். அதுதானே முக்கியம்? பஸ்ஸில் அந்த வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டாள்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் பெரியவர். அத்தை பழம் உரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஜன்னலோரம். அவள் படத்தை நீட்டி, பழகின வாக்கியத்தை ஒப்பித்தாள்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்பைப் பார்த்தார். ஒரு கேள்வி கிடையாது.

"நீ சொன்னா சரிம்மா" என்றார். "டேய், டாக்டரம்மாவக் கூப்புடு. நாளைக்கே பண்ணிக்கச் சொல்லு."

புருஷன் பெருமூச்சு விட்டு அவளைப் பார்த்துத் தலையசைத்தான். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று இருந்தது அவளுக்கு. அப்போது பெரியவர் சுரத்தில்லாமல் கேட்டார்.

"போன வருஷம் சுத்தமா இருந்தது ஒரே வருஷத்துல எப்படிக் கெட்டுச்சு? நான் பீடி சிகரெட் கூடத் தொட்டதில்லையே."

அத்தையின் கை நின்றது. "உப்புதான்" என்றாள் மெதுவாக. "டாக்டர் கொறக்கச் சொன்னாங்க. நீங்க தட்டுல கைய வச்சுக்கிட்டு சாப்பிடாம எழுந்துருவீங்களேன்னு நான்தான் கொஞ்சம் கொஞ்சம் போட்டேன். என் கையாலயே போட்டேன்."

"அம்மா, சும்மா இரும்மா" என்றான் மகன். ஆனால் அவன் குரலில் அவ்வளவாக உறுதி இல்லை. அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது போலிருந்தது.

"சுத்தமா இருந்ததக் கெடுத்துட்டேனே" என்று அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பெரியவர் அவளைத் தேற்றவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

மருமகள் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் அடங்கிப்போகும். அத்தை அழுது ஓய்வாள். அதற்கப்புறம் சாகும்வரை உப்புப் பாத்திரத்தைத் தொடும்போதெல்லாம் இதை நினைப்பாள்.

"அத்த, உப்பு இல்ல" என்றாள். "போன வருஷமே இப்படித்தான் இருந்துச்சு. இதுவும் போன வருஷத்து ஸ்கேன்தான். அந்தச் செவப்பு அப்பவே இருந்திருக்கு."

"என்ன சொல்ற நீ?" என்றான் புருஷன்.

"கணக்கு நிக்கல. வெடிச்சிக்கிட்டே இருந்துச்சு. நிக்கிறதுக்காக நான் பூசி மெழுகினேன். மெழுகினதுல செவப்பும் கரைஞ்சு போச்சு. பொறந்தநாளுக்கு அழகா இருக்கேன்னு அதையே எடுத்துட்டு வந்துட்டேன்."

"அப்போ தப்புன்னு தெரிஞ்சேவா குடுத்த?"

"தப்புன்னு தெரியாது. சரியா தப்பான்னு எனக்குத் தெரியாதுங்கிறது தெரியும். மாமா கேட்டப்போ நல்லா ஓடுதுன்னு சொல்லிட்டேன்."

வெளியே தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போயிற்று. அவளுக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. புருஷன் திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இங்கே ஸ்டுடியோக்காரரின் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நெகட்டிவின் மேல் பென்சில் முனையை வைத்து முகத்தைத் திருத்துகிற 'டச்சப்' வேலையில் அவர் கெட்டிக்காரர். பரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு எதுவும் மிஞ்சாது. கல்யாணப் படத்தில் அவர் கை வைக்காத முகமே கிடையாது. பாஸ்போர்ட் படத்தில் மட்டும் ஒரு மச்சத்தைக்கூடத் தொடமாட்டார். யார் கெஞ்சினாலும், கூடக் கொடுத்தாலும்.

இரண்டு கையாலும் அந்தச் சிவப்புப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமலேதான் பேசினார்.

"நீ கல்யாணப் போட்டோன்னு நெனச்சுக் குடுத்திருக்க. நான் பாஸ்போர்ட் போட்டோன்னு நெனச்சு மாட்டி வச்சிருந்தேன்."

அப்புறம் அன்றைக்கு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அறுவை அறைக்குள் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. புருஷன் நடந்துகொண்டே இருந்தான். அத்தையும் மருமகளும் நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து அத்தை, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"நேத்து நான் அழுதப்போ நீ நின்னுட்டு இருந்தியே. சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சியா?"

"ஆமாங்கத்த."

"எவ்வளவு நேரம் யோசிச்ச?"

அவள் அறுவை அறைக் கதவைப் பார்த்தாள். அத்தை பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, நடுவிலிருந்த நாற்காலியின்மேல் வைத்தாள். எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். அது மாவாக நாக்கிலேயே கிடந்தது.

கழுத்து நல்லபடியாகச் சுத்தமானது. பெரியவர் வீடு வந்து சேர்ந்தார். காதுக்குக் கீழிருந்து இறங்குகிற தையலை மறைக்க எப்போதும் தோளில் ஒரு துண்டு. அவளிடம் முன்போலவே பேசினார். டீ கேட்டார், மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார். கணக்கம்மா என்று மட்டும் கூப்பிடவில்லை. சுவரில் அந்தப் படம் அப்படியே தொங்கியது. அதை எடுக்கலாமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, எடு என்று வேறு யாரும் சொல்லவுமில்லை. தினமும் ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் குற்றவாளி காவல் நிலையத்தைக் கடப்பதுபோல அதைக் கடந்தாள்.

ஸ்டுடியோவுக்குப் பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார். பழக்கதோஷத்தில் படத்தைப் பார்த்தார்.

"என்னமோ ஒண்ணுமே இல்லன்னீங்க. கடைசில கத்தி வச்சிட்டாங்களே."

டீத்தட்டோடு அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்த மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அது அப்போ" என்றார் பெரியவர் சட்டென்று. "இப்போ அடைச்சிருக்குன்னு கண்டுபிடிச்சதே இவதான். டாக்டருக்கு முன்னாடியே கணக்குப் போட்டுச் சொல்லிட்டா. இல்லன்னா இன்னைக்கு உன்கூட ஒக்காந்து பேசிட்டு இருப்பனா?"

அவள் காது இரண்டும் தகித்தன. திட்டியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அவர் அவளைப் பார்க்கவில்லை, துண்டின் நுனியைத் தடவிக்கொண்டிருந்தார்.

தையல்காரர் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. எம் மச்சானுக்கும் இதே சமாச்சாரம்தாங்க. கழுத்துல அடைப்பு, ஆபரேஷன்னு டாக்டர் சொல்றார், அவன் பயந்துக்கிட்டு வரமாட்டேங்கிறான். உங்க மருமக அவனுக்கும் ஒரு படம் போட்டுக் குடுத்தா, அதப் பாத்துட்டு முடிவு பண்ணிக்குவான்."

பெரியவரின் விரல் துண்டிலேயே நின்றுபோனது.

மருமகள் தட்டை மேசைமேல் வைத்தாள். சுவரோரம் போய், எக்கி, படத்தைக் கழற்றினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"இது டச்சப் பண்ண படம்ணா" என்றாள். "இந்த நீலம் நான் பூசினது. இத நம்பித்தான் மாமா ஒரு வருஷம் டாக்டர்கிட்ட போகல. உங்க மச்சானுக்கு நான் படம் போடல. டாக்டர் சொல்றதக் கேக்கச் சொல்லுங்க."

தையல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். "இல்ல, இப்பத்தான இவர் சொன்னார், நீதான் மொதல்ல கண்டுபிடிச்சேன்னு..."

"அதுவும் டச்சப்தான்" என்றார் பெரியவர்.

சொல்லிவிட்டுத் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். தையல் இன்னும் காயாமல் சிவந்திருந்தது.

"உன் மச்சானுக்குப் படம்தான வேணும்? இந்தக் கழுத்தப் படம் எடுத்துட்டுப் போய்க் காட்டு. செல்போன் வச்சிருக்கல்ல?"

தையல்காரர் தயங்கித் தயங்கிச் செல்போனை எடுத்தார். பெரியவர் தன்னிடம் வந்த ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தபடியே நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கொஞ்சம் தூக்கி, ஜன்னல் வெளிச்சம் தழும்பின்மேல் விழுகிற மாதிரி கழுத்தைத் திருப்பினார்.

"கணக்கம்மா, அந்தத் திரைச்சீலைய ஒதுக்கும்மா. வெளிச்சம் பத்தல" என்றார்.

அவள் படத்தை இறக்கி வைக்க இடம் தேடினாள். கிடைக்கவில்லை. ஒரு கையால் அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மறு கையால் திரைச்சீலையை முழுவதுமாக இழுத்து ஒதுக்கினாள்.